செவ்வூர் ஆஸ்பத்திரியின் பின்வாசல்

செவ்வூர் அரசு மருத்துவமனைக்குள் நோயாளி ஒரு பக்கம் நுழைவார், பத்தடி நடப்பார், மறுபக்கம் குணமாகி வெளியே வருவார். அவ்வளவுதான் வைத்தியம். நடக்கிற நடையிலேயே ‘நலவாசல்’ என்ற அந்த வளைவு அவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்து, அடைப்பு இருந்தால் கரைத்து, எலும்பில் விரிசல் இருந்தால் ஒட்டிவிடும். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிய தமிழர்களுக்குப் பூமி அனுப்பிய சீதனம் அது. டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது, கட்டணம் கிடையாது.

நோயாளியும் கிடையாது. அதுதான் தொல்லை.

சனமெல்லாம் எதிர்த் தெருவில் டாக்டர் குலோத்துங்கனின் கிளினிக்கில் கிடந்தது. காலையில் போனால் மதியம் வரை உட்கார வைப்பார். பிறகு நாடி பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மஞ்சள் நிறத்தில் ஓர் ஊசி போடுவார். வியாதி அப்படியே இருக்கும், மனசு மட்டும் நிறைந்துவிடும்.

ஏன் இப்படி என்று கண்டுபிடிக்கத்தான் அல்லியை எடுத்திருந்தார்கள். சேவை வடிவமைப்புப் பயிற்சிப் பணியாளர் என்று பதவிக்குப் பெயர். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் வாசல் மிதித்ததிலிருந்து வீடு திரும்புகிறவரை என்ன பாடு படுகிறார் என்று கூடவே இருந்து பார்த்து, அதைக் குறைப்பது வேலை. குறைக்க அங்கே ஒரு பாடும் இல்லாததால் முதல் வாரம் முழுக்க ஈ ஓட்டினாள். செவ்வாயில் ஈயும் கிடையாது.

ஆனால் அவளுக்கு இது வெறும் உத்தியோகம் அல்ல. அவளுடைய அப்பா வைரவன், சுரங்க எந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் படுக்கிற கட்டில் இரவெல்லாம் இதயத்துடிப்பைக் கேட்கும் வகை. இதயக் குழாயில் அடைப்பு வளர்கிறது என்று அது தினமும் அல்லியிடம் புலம்பியது. அப்பாவோ வாரம் தவறாமல் குலோத்துங்கனிடம் மஞ்சள் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அல்லி கெஞ்சிப் பார்த்தாள்.

“நலவாசல்ல ஒரு தரம் நடங்கப்பா.”

“நடந்தா சரியாயிடுமா? அப்ப நான் தெருவுலயே நடந்துக்கறேன்.”

ஊராரைக் கேட்டபோதும் அதே பாட்டுதான். “உள்ள போனேன், வெளிய வந்தேன். ஏன்யா இவ்வளவு லேட்டா வந்தேன்னு திட்டக்கூட ஒரு நாதி இல்ல” என்றார் ஒருவர்.

அல்லிக்குப் பொறி தட்டியது. இயக்குநர் மெர்சி திலகத்திடம் போனாள். “மேடம், இவங்களுக்குக் குணமானா போதாது. கஷ்டப்பட்டுக் குணமாகணும்.”

நலவாசலைப் பிரித்து, யாருக்கும் தெரியாமல் முன்கதவின் நிலைக்குள் பொருத்தினார்கள். நுழைகிறபோதே நோய் போய்விடும். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் நாடகம். டோக்கன், இடுப்பு வலிக்கிற பெஞ்சு, பினாயில் வாடை, “சுகரை வச்சுக்கிட்டு லட்டு கேக்குதா?” என்று அதட்டுகிற நர்ஸ் ரோபோ. கடைசியில் உள்ளறையில் ஒரு டாக்டர் ரோபோ ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, “ம்ம்...” என்று இழுத்து, “மூணு நாள் கழிச்சு வாங்க” என்னும். அதற்கு வைத்தியத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது.

கூட்டம் அலைமோதியது. குலோத்துங்கன் கிளினிக்கில் பல்லி கத்தினால் கேட்கும் என்று சொல்லியிருக்கலாம், செவ்வாயில் பல்லியும் இல்லை. கடைசியில் அப்பாவே இறங்கி வந்தார். “நாளைக்கு நானும் வரேன். நல்லா பாக்கறாங்களாமே!”

மறுநாள் அல்லி முன்கதவருகே கால் கடுக்க நின்றாள். அப்பாவைக் காணவில்லை. வெகுநேரம் கழித்து அவர் கட்டிடத்தின் பின்பக்கத்திலிருந்து மீசையைத் தடவியபடி வந்தார்.

“பார்த்துட்டேன்மா! பின்வாசல் காவலாளிகிட்ட உன் பேரைச் சொன்னேன். ஒரு நிமிஷம் நிக்க வைக்கல, நேரா டாக்டர் ரூம்தான். நம்ம கவுன்சிலர்கூட அப்படித்தான் வந்தாரு.”

அல்லிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஊரில் செல்வாக்குள்ளவர்கள் எல்லாரும் வைத்தியத்தைச் சுற்றிக்கொண்டு போய் நாடகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

“அப்பா, உங்க கால்ல விழறேன். முன்வாசல் வழியா ஒரு தடவை போயிட்டு வாங்க.”

“இனிமே நான் வரிசையில நிக்கணுமா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? உன் மரியாதை என்ன ஆகும்?” என்று கிளம்பிவிட்டார்.

அன்று அல்லி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இயக்குநரிடம் போனாள்.

அப்பா மூன்று நாள் கழித்து வருவதற்குள் நலவாசல் பின்கதவுக்கு இடம் மாறியது. நர்ஸ் ரோபோவுக்கும் புது வசனம் ஏறியது. டோக்கன் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அது குரலைத் தாழ்த்தி, “உங்களைப் பார்த்தா நம்மாளு மாதிரி இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, பின்பக்கமா வாங்க” என்றது.

சொன்னபடி அப்பா பின்வாசல் வழியாகவே வந்தார். அன்றிரவு கட்டில் புலம்பவில்லை. அல்லி விடியும்வரை அதன் காலடியில் உட்கார்ந்து அந்த மௌனத்தைக் கேட்டாள். பிறகு வேலையும் நிரந்தரமாயிற்று.

இப்போது செவ்வூரில் முன்வாசல் வெறிச்சோடிக் கிடக்கிறது. போகிற நிமிடமே டாக்டரைப் பார்க்கலாம், ஆனால் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பின்வாசல் வரிசையோ கடைத்தெருவரை நீள்கிறது. அடுத்த முறை பரிசோதனைக்கு வந்த வைரவன் அதில் அரை நாள் நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். முன்னால் நின்றவரின் தோளைத் தட்டிச் சொன்னார்:

“நமக்கு ஆள் தெரியும், வந்துட்டோம். ஆள் தெரியாதவன் எல்லாம் பாவம், முன்வாசல்ல எவ்வளவு நேரம் நிக்கறானோ!”