பையில் மிச்சமிருந்த காற்று

ஆற்றுக்கு மேலே தேயிலை மூட்டை கொண்டுபோகும் கயிற்றுப் பெட்டிக்குள் செலிஹா ஒரு காலை வைத்த அதே நொடியில், எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு காலும் உள்ளே வந்தது.

நிமிர்ந்தாள். ஹெம்ஷின் மலையில் மழை பெய்யாத நாள் ஏது? ஆனாலும் இப்படி ஒருத்தன் நனைந்து அவள் பார்த்ததில்லை. போட்டிருக்க வேண்டிய கோட்டைக் கழற்றிக் கையிலிருந்த நீளப் பெட்டிக்குப் போர்த்தியிருந்தான். இமை நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்தப் பழுப்புக் கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

“நான்தான் முதல்ல வந்தேன். ஆட்டுத்தோலுக்கு மழை ஆகாது,” என்றாள், அக்குளில் இடுக்கியிருந்த துலுமை இறுக்கிக்கொண்டு. தோல் பையில் காற்றை நிரப்பி, குழல் வழியாக ஊதும் வாத்தியம் அது.

“கரண்டு பெட்டிக்கு மட்டும் ஆகுமாங்க?”

பெட்டியை ஓட்டும் கயிற்றுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. இருவரையும் சேர்த்துத் திணித்து விசையைத் தட்டிவிட்டார். கீழே ஆறு இரைந்தது. முழங்காலும் முழங்காலும் முட்டின. அவள் ஆற்றைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள்... கடைசியில் அவனைப் பார்த்தாள். அவன் எப்போதிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தானோ!

பெயர் எர்ஜான். அக்கரைக் கல்யாணத்தில் கீபோர்டு வாசிக்கப் போகிறானாம். அதே கல்யாணத்துக்குத்தான் அவளும் போகிறாள். வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் துலும் சொல்லியிருக்க, நகரத்துக்குக் குடிபோன பெண் வீட்டார் கீபோர்டு சொல்லியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

“உங்க துலும் சத்தம்கூட இதுல ஒரு பட்டன்ல இருக்குங்க,” என்று அவன் பெருமையாகத் தட்டிக் காட்டினான்.

“எங்கப்பா முப்பது வருஷம் மூச்சைக் கொடுத்து ஊதினது உங்களுக்கு ஒரு பட்டனா?”

அவன் முகம் சுருங்கியது. பெட்டிமேல் கோட்டை இழுத்து மூடிக்கொண்டான். ‘ரொம்பத்தான் கடிச்சிட்டோமோ?’ என்று அக்கரை வரும்வரை அவள் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் துலும் ஊதப்போகும் முதல் கல்யாணம் இது. அப்பா இஸ்ஹாக்குக்கு மூச்சிரைப்பு வந்து இனி ஊதக்கூடாது என்றாகிவிட்ட பிறகு, அவள் மன்றாடி வாங்கிய வாய்ப்பு. அவரோ ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அவள் ஊதும்போது, கைகோத்துச் சுற்றும் ஹொரோன் ஆட்டத்தின் வட்டம் ஒரே ஒரு தரம் உடைந்தாலும் போதும்... துலுமை ஆணியில் மாட்டிவிட்டு, இஸ்தான்புல்லில் அத்தை கடைக்கு வேலைக்குப் போய்விட வேண்டும்.

தார்ப்பாய்க்கு அடியில் நாற்பது பேர் கைகோத்து நின்றார்கள். நடுவில் செலிஹா. ஓரத்தில் எர்ஜான். வாசற்படியில், முன்னாடியே வந்து உட்கார்ந்துவிட்ட அப்பா.

இருவரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள். ஐயோ, அந்தச் சத்தம்! அவள் சுதி ஒரு பக்கம், அவன் சுதி ஒரு பக்கம். ஆடியவர்களின் கால் பின்னியது. ஒரு கிழவர் கையை விடப் பார்த்தார். அப்பா எழுந்துவிட்டார்.

எர்ஜான் ஏதோ திருகுவதை செலிஹா பார்த்தாள். சத்தத்தைக் கூட்டி அவளை அமுக்கத்தான் போகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் காதைச் சாய்த்து, கண்ணை மூடி, தன் சுதியை இறக்கிக்கொண்டே வந்தான்... இன்னும் கொஞ்சம்... இதோ, அவள் சுதியோடு சேர்ந்தது.

வட்டம் பிழைத்தது. நாற்பது ஜோடிக் கால்கள் தரையை உதைத்தன. அவன் அடியில் தாளம் போட, அவள் மேலே பறந்தாள். இப்படி ஒரு துணை தன் மூச்சுக்குக் கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஆட்டத்தின் நடுவே சீண்டிப் பாடுவது ஊர் வழக்கம். எர்ஜான் மைக்கை இழுத்தான்.

“மலைமேல பெய்யுற மழை ஆறு பார்த்து எறங்குது...
என் பெட்டியோட சுதி எல்லாம் உன்னைப் பார்த்து எறங்குது...”

கூட்டம் ஆரவாரித்தது. செலிஹாவின் காது மடல் சூடாகிவிட்டது. பதில் சொல்லாவிட்டால் தோல்வி. ஆனால் பாட வேண்டுமென்றால் ஊதுவதை நிறுத்த வேண்டும். பையில் மிச்சமிருக்கும் காற்று இரண்டு வரிக்குத்தான் வரும்.

வாயை எடுத்தாள்.

“நனைஞ்ச கோட்டுக்காரனே, நாக்கு மட்டும் காயலையே...
கயித்துப் பெட்டி எறங்கியும் உன் கண்ணு இன்னும் எறங்கலையே...”

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு நிறுத்தவில்லை; மூன்றாவது வரிக்கு வாய் திறந்தாள். பை தொய்ந்தது, குழல் முனகி அடங்கியது. வட்டம் தடுமாறியது. அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது அதே சுதியில், இசை அறுந்த அதே இடத்திலிருந்து ஒரு துலும் சத்தம் எழுந்தது. எர்ஜானின் விரல் அந்தப் பட்டன்மேல் இருந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், மூச்சுவிடக்கூட மறந்து.

அந்தச் சத்தத்தின் மேல் ஏறி நின்று அவள் மூன்றாவது வரியைப் பாடினாள்.

“எறங்காம இருக்கட்டும்... எனக்கும் அதுதான் ஆசையே...”

பாடி முடித்து, உதட்டைக் குழலில் வைத்து, பை நிறைய ஊதினாள். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா படியிறங்கி அதை ஒரு முறை சுற்றி நடந்து பார்த்தார். எர்ஜான் அருகில் வந்ததும் நின்றார்.

“வட்டம் உடையல,” என்றார். “தம்பி, அந்தப் பட்டனை மட்டும் பத்திரமா வெச்சுக்கோ. இவ இன்னும் நிறையப் பாடுவா.”