அம்மாவுக்கு ஒரு நடைப் பரிசோதனை

வேலை முடிந்து வந்த அம்மா, தோள்பையைக்கூட இறக்கத் தெம்பில்லாமல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அம்மா கால்நடை மருத்துவர். அதிலும் குதிரை ஆராய்ச்சி. பந்தயக் குதிரைகளுக்கு ஏன் கால் முறிகிறது, முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பல வருடமாக மண்டையை உடைத்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்தால் மட்டும் விடுமா? போன் அடித்தது. ஒரு குதிரைக்காரர்.

"முடியாதுங்க. முன்னங்கால் சுடுது. எலும்புல மயிரிழை அளவு விரிசல் இருக்கலாம். ஓட விட்டா முறிஞ்சிடும். என்னது, நல்லாத்தான் நடக்குதா? குதிரை வலியை வெளியில காட்டாதுங்க!"

போனை வைத்துவிட்டு எழுந்த அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பத்து வயது மகள் அதைப் பார்த்துவிட்டாள். வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். சும்மா வரவில்லை அந்தப் பெயர்.

"கால்ல என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா சுவரைப் பிடிக்கிறே?"

"அசதிடி. காலையில குதிரைங்க எப்படி ஓடுதுன்னு சோதிக்க அதுங்களோட ஓடணும். அதுக்குள்ள சரியாயிடும்."

வாலு யோசித்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு ஓடுவது லேசுப்பட்ட வேலையா? நடுவில் கால் மடங்கினால்? கெஞ்சினாலும் அம்மா மசிய மாட்டாள். ஆனால் அம்மா குதிரைகளைப் பரிசோதிப்பதை வாலு எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

"வாசக்கதவு வரைக்கும் நடந்துட்டு வா."

"எதுக்குடி?"

"பேசக்கூடாது. குதிரை பேசுமா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடந்தாள். திரும்பி வந்தாள். வாலு தரையில் குப்புறப் படுத்து, அந்தக் கால்களையே பார்த்தாள்.

"வலது கால் தரையில பட்டா உடம்பு சாயுது. உட்காரு." இரண்டு முழங்கால்களையும் புறங்கையால் தொட்டாள். "இது ஜில்லுனு இருக்கு. இது சுடுது. வீங்கியும் இருக்கு. யாரு உதைச்சது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு சாம்பல் நிறக் குதிரை. முந்தாநாள். பாவம், அது பயந்து உதைச்சிடுச்சு."

"இப்படி ஒரு காலோட குதிரை வந்தா ஓட விடுவியா?"

அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப வலிக்குதுடி கண்ணு."

இரண்டு நாளாக யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. வாலு அம்மாவின் தலையைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி முழங்காலில் வைத்தாள். போனைக் கையில் கொடுத்தாள்.

அம்மா தன் உதவியாளரைக் கூப்பிட்டாள். "தம்பி, நாளைக்கு நீயே குதிரைங்களோட ஓடு. யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லு, நான் அப்புறம் பார்த்துக்கறேன். எனக்குக் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அப்பாடா என்று காலை நீட்டிச் சாய்ந்தாள். கண் தானாகச் சொருகியது.

"எத்தனை நாள் ஓய்வு எடுக்கணும், டாக்டரம்மா?" என்று மகளிடம் கேட்டாள்.

"அதெல்லாம் இப்பவே சொல்ல முடியாது," என்றாள் வாலு, கொஞ்சமும் சிரிக்காமல். "காலையில மறுபடி நடக்க விட்டுப் பார்க்கணும்."