பகல் படுக்கைக்காரன்

மூன்றாவது மாடிக்கு இரண்டு பெட்டியையும் அவன் தானே சுமந்து ஏறினான். தரகர் வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் ஏறினார். ஒரு பெட்டியையாவது தொட்டுத் தூக்காத ஆள் நல்லது எதுவும் காட்டப்போவதில்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் புரியும்.

அறையில் ஓர் இரும்புக் கட்டில், ஒரு சுவர் அலமாரி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும்.

அந்தக் கட்டிலில் அவனுக்குப் பாதி. இடத்தில் பாதி இல்லை, பொழுதில் பாதி. இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை அவன் படுத்துக்கொள்ளலாம். மிச்சப் பொழுது இன்னொருவருக்கு. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் படுக்கிறார்கள். வீட்டுக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

“நம்ம ஆளுதான். தொந்தரவு கிடையாது,” என்றார் தரகர். “எட்டுக்கு மேல ஒரு நிமிஷம் உள்ள இருக்காத. எட்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வராத.”

அவர் எப்படி இருப்பார், எங்கே வேலை என்று இவன் கேட்டான். தரகர் சாவியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

கல்லூரியும் பெரிய மரியாதை ஒன்றும் கொடுக்கவில்லை. வாசலில் அட்டையைத் தேய்த்தால்தான் வருகைப் பதிவு. நாலு நாள் குறைந்தால் பெட்டியைக் கட்டு என்று கடிதம் வரும். ஆய்வுக்கூடத்தில் மூன்று பேராகச் சேரச் சொன்னால், எல்லோரும் சேர்ந்த பிறகு மிச்சம் நிற்பவன் இவன். மத்தியானம் நூலகத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவான். வகுப்பு முடிந்தாலும் அறைக்குப் போக முடியாது. எட்டு அடிக்கும்வரை அங்கேயே புத்தகத்தை விரித்துவைத்து, உட்கார்ந்தபடி தூங்குவான். காவலாளி வந்து மேசையைத் தட்டி எழுப்புவான்.

ஒரே ஆறுதல் அம்மாவின் போன். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அம்மாவுக்கு இவன் ஒரே பிள்ளை. இவனுக்கு அம்மாவை விட்டால் நாதியில்லை. வீட்டில் தனியாக இருக்கிறாள், மூட்டுவலியோடு. தினமும் அவள் கேட்பது ஒரே கேள்வி: ராத்திரி நன்றாகத் தூங்கினாயா? தனி அறை, பெரிய கட்டில் என்று இவனும் தினமும் புளுகுவான்.

கட்டிலைப் பற்றி இவனுக்கே ஒரு விஷயம் பிடிபடவில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஒருவன் படுத்து எழுந்த இடம் கொஞ்சமாவது சூடாக இருக்க வேண்டும். மெத்தையில் ஆள் அளவுக்குப் பள்ளம் இருந்தது. தொட்டால் கருங்கல்லாகக் குளிர்ந்தது. ஈரத்துணியை மூட்டையாகக் கட்டிவைத்த வாடை அதிலிருந்து வந்தது.

வேறு எவனாவது இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பான். இவன் வளர்ந்த விதம் அப்படி இல்லை. நம்மவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவரும் அண்ணன்தான், காய் நிறுப்பவளும் அக்காதான். முகம் தெரியாதவனையும் முறை வைத்துக் கூப்பிடாவிட்டால் நாக்குக்கு ஆகாது.

ஒரு நாள் காலையில், மாடிக்குப் பொதுவான சமையலறையில் சோறு கொஞ்சம் கூடுதலாக வடித்து, டப்பாவில் போட்டு, மேலே ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனான். “அண்ணே, சாப்பிடுங்க. உங்க தம்பி.”

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

இரவு வந்தபோது டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. சீட்டின் பின்பக்கம் ஒரே சொல். “தம்பி.”

இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஊரில் அவனை யாரும் எதுவாகவும் கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு தினமும் சீட்டுதான். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று பகல்காரன் கேட்டான். இவன் மூட்டுவலியைச் சொன்னான். துணைக்கு யார் என்று கேட்டான். யாருமில்லை என்று எழுதினான். ராத்திரி எந்த அறையில் படுப்பார்கள் என்று கேட்டான். அப்போதாவது இவனுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். கூடத்தில், பாயில் என்று எழுதிவைத்தான்.

ஒரு வாரம் கழித்து இப்படி எழுதியிருந்தது: “ஊருக்குப் போறேன். அம்மாவுக்கு ஏதாச்சும் குடுத்து விடணுமா?”

வெளியூரில் இருப்பவனிடம் இதைக் கேட்டுவிட்டால் போதும், குடலை உருவிக் கொடுப்பான். இவன் ஓடிப்போய்க் கம்பளிச் சால்வை ஒன்றும், மூட்டுக்குத் தேய்க்கும் தைலமும் வாங்கிவந்து பொட்டலம் கட்டினான். மேலே வீட்டு விலாசத்தைக் குண்டு குண்டாக எழுதினான். மறுநாள் இரவு பொட்டலம் இல்லை.

இரண்டு நாள் கழித்து இவனுக்குக் காய்ச்சல் கண்டது. காலை எட்டு மணிக்கு எழுந்து உட்காரப் பார்த்தான். தலை சுற்றியது. பகல்காரன்தான் ஊருக்குப் போயிருப்பானே என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

ஜன்னலில் வெளிச்சம் ஏறியது. தெருவில் வண்டிகள் ஓடுகிற சத்தம். மேல்மாடியில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். பேய்க்குப் பயப்படுகிற பொழுதே இல்லை அது.

கதவு திறக்கவில்லை.

மெத்தை முதுகுப் பக்கம் மெல்ல அமுங்கியது. கட்டில் கம்பி கிறீச்சிட்டது. ஈர மூட்டை வாடை மூக்கை அடைத்தது.

முதுகு முழுக்கக் குளிர் ஒட்டிக்கொண்டது. ஒரு கால் இவன் கால்மேல் விழுந்தது, வீட்டில் உடன்பிறந்தவர்கள் போட்டுக்கொள்வதைப் போல.

“தள்ளிப் படு, தம்பி.”

காதுக்குள் கேட்டது.

“இத்தனை வருஷம் அம்மா பக்கத்துல நீ படுத்த. இனிமே நான்.”

கால்மேல் கிடந்த பாரம் எழுந்துபோயிற்று. பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

சட்டையையும் சாவியையும், பாஸ்போர்ட் கிடந்த கல்லூரிப் பையையும் கையில் பிடித்துக்கொண்டே இவன் படி இறங்கி ஓடினான். தெருமுனையில், நகல் எடுக்கும் கடைக்குள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார் தரகர். பகலில் படுப்பது யார் என்று இவன் அவர் சட்டையைப் பிடித்தான். பிறகு என்ன, மென்று முழுங்கி எல்லாவற்றையும் கக்கினார். பகலில் படுத்துக்கொண்டிருந்தவன் போன வருஷம் அந்தக் கட்டிலிலேயே செத்துப்போனான். அப்போது இருந்த இரவுக்காரன் எட்டு மணிக்கு வந்து பார்த்து, அசந்து தூங்குகிறான் என்று தரையில் படுத்துக்கொண்டான். இரண்டு இரவு அப்படியே படுத்திருக்கிறான். மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பிணத்தைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. தாய் தகப்பன் யார் என்று ஒரு காகிதத்திலும் இல்லை. அதற்குப் பிறகு பகலில் அந்தக் கட்டிலில் எவனாலும் படுக்க முடியவில்லை. அதனால் இரவுக்கு மட்டும் ஆள் வைத்தார்.

“இதுவரைக்கும் நாலு பேர் படுத்துட்டுப் போனாங்க. அவன் பாட்டுக்கு அவன், இவங்க பாட்டுக்கு இவங்க,” என்றார். “நீ என்ன பண்ணித் தொலைச்ச?”

“அண்ணேன்னு எழுதினேன்.”

தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

“விலாசம்?”

“குடுத்தேன்.”

“வேற பேரே கிடைக்கலையா உனக்கு? சார்னு எழுதியிருந்தா சாரோட போயிருக்கும்.” இவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு மேசை விளக்கை அணைத்துவிட்டார்.

அம்மாவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. நடைபாதையில் நின்றுகொண்டே இருபது தடவை போட்டிருப்பான். இருபத்தோராவது தடவை எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அப்பா போனதிலிருந்து இவன் கேட்காத சந்தோஷம்.

சால்வை கதகதப்பாக இருக்கிறது என்றாள். தைலத்தை அவனே சூடுபறக்கத் தேய்த்துவிட்டான் என்றாள்.

“யாரும்மா?”

“யாரா? பெரியவன்தான். உங்கண்ணன்.”

“அம்மா, எனக்கு ஏதும்மா அண்ணன்? நான் சொல்றதக் கேளு. இப்பவே எதிர் வீட்டுக்குப் போயிடு.”

அவள் சிரித்தாள். “நீ இப்படித்தான் பொறாமைப்படுவேன்னு அவன் அப்பவே சொன்னான். சத்தம் போடாத, தூங்கறான். புள்ளைக்கு உடம்பெல்லாம் ஜில்லுன்னு இருக்கு.”

போனை வைத்துவிட்டாள்.

காய்ச்சலோடு, பையிலிருந்த பாஸ்போர்ட்டை மட்டும் நம்பி, விமான நிலையத்துக்குப் பஸ் ஏறினான். படிப்பு, வருகைப் பதிவு எல்லாம் எக்கேடும் கெடட்டும். விடிவதற்குள் அம்மா முன்னால் போய் நின்றுவிட வேண்டும், அவளே இவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அந்த ஒரு நம்பிக்கைதான். பாதி வழியில், வருகிறேன் என்று சொல்ல மறுபடி போன் போட்டான்.

“அம்மா, நான் கிளம்பிட்டேன். நாளைக்குக் காலையில வந்துடுவேன்.”



“நீங்க யாரு பேசறது?”

“அம்மா, நான்தாம்மா.”

“தப்பா போட்டுட்டீங்க போலிருக்குங்க. எனக்கு ஒரே புள்ளதான். இங்கதான் என் பக்கத்துல படுத்திருக்கான்.”

இவன் தன் பெயரைச் சொன்னான். பிறந்த நாளைச் சொன்னான். அப்பா சாகும்போது யார் மடியில் தலைவைத்திருந்தார் என்று சொன்னான். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே பாய் நகரும் சத்தம் கேட்டது. அம்மாவின் கையிலிருந்து யாரோ போனை வாங்கினார்கள்.

பிறகு மெதுவாக, வீட்டுக்கு மூத்தவன் சொல்கிற அக்கறையோடு ஒரு குரல்.

“வீட்டை நான் பார்த்துக்கறேன். நீ அங்கயே இருந்து நல்லா படி, தம்பி.”