எல்லாருக்கும் ஆகிற ஹெல்மெட்

அந்த வீட்டில் காலையில் முதலில் எழுவது தலைவரின் தொண்டை. கண் விழிப்பது அதற்குப் பிறகுதான்.

“ஹெல்மெட் எங்க? நேத்து ஆணியில மாட்டினேன்ல... யாரு எடுத்தது? பொதுச் சொத்து அது! எடுத்தா சொல்லிட்டு எடுக்கணும்!”

“உங்க கையிலதாங்க இருக்கு,” என்றாள் பெரியவள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

இருந்தது. தலைவர் அதைக் குனிந்து பார்த்தார். “அதான்... பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்ல வந்தேன்.”

தலைவர் என்பது தெருக் குடியிருப்போர் சங்கத்தில் அவருக்குக் கிடைத்த பதவி. போட்டியிட வேறு யாரும் இல்லாததால் ஏகமனதாகக் கிடைத்தது. சங்கம் எப்போதாவது கூடும். வீட்டில் சபை தினமும் கூடும். உறுப்பினர்கள் மூவர்: அவர் மனைவி பெரியவள், தம்பி, தம்பி மனைவி சின்னவள். தீர்மானங்கள் எதிர்ப்பின்றி நிறைவேறும். எதிர்ப்பவர்களுக்குப் பேச நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

அந்தச் சபையின் தலையாய கொள்கை, ‘என்னோடது’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்பது. குடை பொது. டார்ச் பொது. சட்டை வாங்கினால்கூட ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும். அவசரத்துக்கு அடுத்தவரும் மாட்டிக்கொள்ளலாம் அல்லவா? விளைவாக, அண்ணன் தம்பி இருவரும் எந்தச் சட்டையைப் போட்டாலும் இரவல் வாங்கியது போலவே இருக்கும்.

சின்னவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். விடிந்ததும் வீட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து நிலையத்தில் சேர்க்க வேண்டும். நாளெல்லாம் சாலையில் இருக்கிறவளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பெரியவள்தான் முதலில் பேச்செடுத்தாள். தலைவர் உடனே பொறுப்பை ஏற்று, தனியாகக் கடைக்குப் போய், ஒரு ஹெல்மெட்டும் ஒரு ஜாக்கெட்டும் வாங்கி வந்தார். இரண்டும் கடையிலேயே ஆகப் பெரிய அளவு.

“எல்லாருக்கும் ஆகும்!” என்றார் பெருமிதத்தோடு.

யாருக்கும் ஆகவில்லை. ஜாக்கெட்டுக்குள் சின்னவள் இருக்கிறாளா என்று கூப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முழங்கையைக் காக்க வேண்டிய கெட்டி அட்டை மணிக்கட்டில் வந்து குந்தியிருந்தது.

“போகப் போகச் சரியாயிடும்,” என்றார் தலைவர்.

ஜாக்கெட் சுருங்குமா, சின்னவள் வளர்வாளா என்பதை அவர் விளக்கவில்லை.

அன்று காலை பெரியவள் வாசல் வரை வந்து நின்றாள். சின்னவள் வண்டியைக் கிளப்பிக் கேட்டைத் தாண்டும்போது, வலப்பக்கம் ஏதாவது வருகிறதா என்று தலையைத் திருப்பினாள். தலை திரும்பியது. ஹெல்மெட் திரும்பவில்லை! அது தலைவரைப் போலவே நேராகப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது. உள்ளே சின்னவளின் ஒரு கண்ணை ஹெல்மெட்டின் ஓரம் மறைத்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த பால் வண்டி கிறீச்சிட்டு நின்றது.

“கண்ணு தெரியலையாம்மா?” என்று கத்தினார் பால்காரர்.

“நிஜமாவே தெரியலைங்க!” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை கேட்டிலேயே நின்றாள்.

*

அந்த வீட்டின் பொதுவுடைமைக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது: பெரியவளின் சைக்கிள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவள் குள்ளம்; இருக்கையை அடியோடு இறக்கி வைத்திருந்தாள். மற்றவர்கள் ஏறினால் முழங்கால் மோவாயில் இடிக்கும். அதனாலேயே அது பறிமுதல் ஆகாமல் தப்பியது. ஒரு காலத்தில் அவள் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தாள். மாமியார் படுக்கையில் விழுந்தபோது விட்ட வேலை. பிறகு திரும்பக் கிடைக்கவில்லை. மதியம் எல்லாரும் வெளியே போனதும் அந்தச் சைக்கிளில் நூலகத்துக்குப் போவாள். பத்திரிகைகளில் பிழைகளைக் கண்டுபிடித்து மனதுக்குள் திருத்திவிட்டு வருவாள். அந்த ஒரு மணி நேரம் அவள் யாருக்கும் எதுவும் இல்லை, அவளாக இருந்தாள்.

பால் வண்டி நின்ற மறுநாள், அந்தச் சைக்கிள் வீட்டில் இல்லை.

“ரிப்பேருக்கு விட்டிருக்கேன்,” என்றாள். யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. பொதுச் சொத்து இல்லையே!

அந்த வார விடுமுறையில் சின்னவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ஜன்னல் திரை வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். நின்ற இடமோ மோட்டார் சைக்கிள் சாமான் கடை.

“அக்கா... இங்க எதுக்கு?”

“உள்ள வாடி. தலையைக் கொடு.”

கடையிலிருந்த பெண் நாடாவால் சின்னவளின் நெற்றியைச் சுற்றி அளந்து ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்தாள். மாட்டியதும் சின்னவளின் கன்னம் இரண்டும் உப்பி முன்னால் வந்தன.

“அய்யோ அக்கா, பிடிக்குது! இன்னும் பெருசு கேளுங்க!”

“நெத்தியில எங்கயாச்சும் குத்தி வலிக்குதா?”

“இல்ல... கன்னம் மட்டும் அமுங்குது.”

“கன்னம் அமுங்கினா நல்லதுங்க,” என்றாள் கடைக்காரப் பெண். “பஞ்சு பழகினதும் இளகிடும். இப்பவே சுகமா இருந்தா அப்புறம் தொளதொளன்னு ஆயிடும்.”

“தலையை ஆட்டு,” என்றாள் பெரியவள். சின்னவள் ஆட்டினாள். ஹெல்மெட்டும் கூடவே வந்தது. பெரியவள் பட்டையை மாட்டி, பின்பக்கம் பிடித்து முன்னால் கவிழ்க்கப் பார்த்தாள். கழன்று வரவில்லை. அதன் பிறகுதான் மூச்சு விட்டாள்.

ஜாக்கெட்டுக்கு இன்னும் நேரம் பிடித்தது. நின்றபடி போட்டபோது எல்லாமே பொருந்துவதாகத்தான் தோன்றியது. பெரியவள் விடவில்லை, காட்சிக்கு நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி உட்காரச் சொன்னாள்.

“கையை நீட்டிப் பிடி. நீ கண்ணாடி முன்னாடி நிக்கவா இதை வாங்கறோம்?”

கையை நீட்டியதும் முதல் ஜாக்கெட்டின் கை மேலே ஏறியது. இரண்டாவதில் முதுகு தெரிந்தது. மூன்றாவதில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பெரியவள் முழங்கை அட்டையைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். அது நகர மறுத்தது. தோளிலும் அப்படியே. பிறகு கையுறை: பிரேக்கைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, விரல் நுனி இடிக்காத ஜோடி கிடைக்கும்வரை. கடைசியாகக் கணுக்காலை மூடும் பூட்ஸ்.

“யக்கா, என்னைப் போருக்கு அனுப்பறீங்களா?” என்று சிரித்தாள் சின்னவள்.

“வேலைக்குத்தான் அனுப்பறேன். முழுசாத் திரும்பி வரணும்.”

சைக்கிள் விற்ற பணத்தோடு, அரிசி டப்பாவின் அடியில் சேர்த்து வைத்திருந்த சிறுவாட்டுப் பணமும் கடையிலேயே தங்கிவிட்டது.

*

மறுநாள் மாலை, சின்னவள் வேலை முடிந்து வந்ததும் வீட்டில் சபை கூடியது.

“என்னோட தேர்வை அவமானப்படுத்தியிருக்கா!” தலைவர் நின்றுகொண்டே பேசினார். முக்கியமான தீர்மானங்களுக்கு அவர் உட்காருவதில்லை. “நான் எல்லாருக்கும் ஆகற மாதிரி வாங்கினேன். இவ ஒருத்திக்கு மட்டும் ஆகற மாதிரி வாங்கியிருக்கா! குடும்பம் எங்க போகுது?”

“அண்ணா, உங்க ஹெல்மெட் அவளுக்கு...” என்று ஆரம்பித்தான் தம்பி.

“நீ சும்மா இரு! இந்தா பாரும்மா சின்னவளே, உன் நல்லதுக்குச் சொல்றேன். இப்படிக் கன்னத்தை நசுக்கிற ஹெல்மெட்டை எத்தனை நாள் போடுவ? ஒரு வாரத்துல தலைவலின்னு வண்டியை விட்டுருவ. அப்புறம் வேலையை விட்டுருவ. அப்புறம் அடுப்படி. யாருக்கு அது வேணும்? யோசிச்சுப் பாரு! தான் வேலைக்குப் போக முடியலையேன்னு சிலருக்கு மனசுல இருக்கும்ல...”

அவர் அதை முழுதாக நம்பிச் சொன்னார் என்று கூற முடியாது. பேச்சின் ஓட்டத்தில் வந்துவிட்டது. மேடைப் பேச்சாளர்களுக்கு அது ஒரு வியாதி.

ஆனால் அன்று சின்னவளுக்கு உண்மையிலேயே தலை விண்விண்ணென்று இருந்தது. நாளெல்லாம் புது ஹெல்மெட். வலிக்கிற தலைக்குள் சந்தேகம் சுலபமாக நுழையும்.

“அப்படியா அக்கா?” என்றாள் மெல்ல. “பெருசா கேட்டேனே... நீங்கதான் வேண்டாம்னீங்க. நான் வேலைக்குப் போறது உங்களுக்கு... சொல்லுங்கக்கா! இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”

பெரியவள் வாயைத் திறந்தாள். சொன்னால் எல்லாமே சொல்ல வேண்டும்... சைக்கிள் வரை. சொல்லிவிட்டால் இவள் உடனே ஓடிப்போய் அத்தனையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி தலைவர் வாங்கிய அந்தக் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கேட்டைத் தாண்டுவாள்.

“ஒரு மாசம் போட்டுப் பாரு,” என்றாள். “அதுக்கப்புறமும் வலிச்சா என்னை என்ன வேணா பேசு.”

“பாத்தியா? இல்லைன்னு சொல்லலை பாத்தியா!” என்றார் தலைவர்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து பெரியவளை ‘அக்கா’ என்று கூப்பிடவில்லை. “சாப்பாடு இருக்கா?”, “சாவி எங்க?” என்று சுவரைப் பார்த்துப் பேசினாள். ஆனாலும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். வீம்புக்காகத்தான், ஒரு மாதம் கழித்துப் பேச வேண்டியதைச் சேர்த்துவைத்துக்கொண்டு. பெரியவள் நூலகத்தை மறந்தாள். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ராத்திரியில் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டாள். வீட்டின் ஒற்றுமைக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை என்று தலைவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

*

அந்த ஒரு மாதம் முடியும் முன்பே ஒரு நாள், வீடு கட்டுகிறவர்கள் சாலை வளைவில் மணலைக் கொட்டியிருந்தார்கள். சின்னவள் திரும்பியபோது முன்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தோளில் விழுந்து, முழங்கை தேய, முகம் தரையில் உரச, சாலையின் ஓரம் வரை சறுக்கிக்கொண்டே போனாள்.

செய்தி வந்ததும் பெரியவள் செருப்பைத் தேடவில்லை. எந்தச் செருப்பும் அவளுடையது இல்லை. வெறுங்காலோடு ஓடினாள், பின்னால் தலைவரும் தம்பியும்.

நடைபாதையில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டின் மோவாய்ப் பகுதி ரம்பத்தால் அறுத்த மாதிரி தேய்ந்திருந்தது. ஜாக்கெட்டின் முழங்கைத் துணி கிழிந்து அட்டை எட்டிப் பார்த்தது. அட்டை மட்டும் இடத்தை விட்டு இம்மியும் அசையவில்லை. கையுறையின் உள்ளங்கை கிழிந்திருந்தது. உள்ளே இருந்த கை முழுசாக இருந்தது.

“ரத்தம்... ரத்தம் எங்கடி?” என்று அவள் உடம்பெல்லாம் தடவினாள் பெரியவள்.

“பெட்டியில இருக்குக்கா. ஒண்ணுகூட உடையலை,” என்றாள் சின்னவள்.

சொல்லிவிட்டுத்தான் ‘அக்கா’ என்று கூப்பிட்டதை உணர்ந்தாள். ஹெல்மெட்டின் தேய்ந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “முகத்தால சறுக்கினேன்க்கா... இது கழண்டிருந்தா... இது கொஞ்சம் திரும்பியிருந்தாக்கூட...”



தலைவர் வழக்கத்தை விடவில்லை. “எல்லாம் அதிர்ஷ்டம். நான் வாங்கினதைப் போட்டிருந்தாலும் இதேதான்...”

சின்னவள் தலையைத் தூக்கினாள். “மாமா, உங்க ஜாக்கெட்டைப் போட்டு விழுந்திருந்தா ஜாக்கெட்டுக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

தலைவர் வாயை மூடிக்கொண்டார். அந்தத் தெருவின் வரலாற்றில் அது ஒரு முக்கியமான நிகழ்ச்சி.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போன தம்பி, சாயங்காலம் கண் சிவக்கத் திரும்பி வந்தான்.

“அண்ணி... சைக்கிள் ரிப்பேர்லதானே இருக்கு?”

பெரியவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பட்டறைக்குப் பக்கத்துக் கடையில ஒரு பொண்ணு அதுக்குக் காத்து அடிச்சிட்டிருந்தா. அந்த இருக்கையை எங்க பாத்தாலும் எனக்குத் தெரியாதா? விசாரிச்சேன். வித்துட்டீங்களாமே அண்ணி... இவளுக்கு இதெல்லாம் வாங்கின அதே வாரம்!”

சின்னவள் எழுந்தாள். நொண்டிக்கொண்டே வந்து, கிழிந்த ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், பெரியவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“ஏன்க்கா சொல்லலை? நான் அத்தனை பேசினேனே... சுவத்தைப் பாத்துப் பேசினேனே! நீங்க பையைத் தூக்கிட்டு நடந்து வர்றதைப் பாத்துக்கிட்டே தாண்டிப் போனேனே...”

“சொன்னா நீ போட்டிருக்க மாட்டடி. மெதுவா... அந்த அட்டை என் விலாவுல குத்துது!”

இருவரும் அழுதார்கள், நடுவில் சிரித்தார்கள். தம்பி சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பதுபோல் நின்றான். தலைவர் முதல்முறையாகத் தானாக உட்கார்ந்தார்.

“நான் சொன்னது தப்பு,” என்றார் தரையைப் பார்த்து. “மனசுல வச்சுக்காத.” பிறகு, “ரொம்ப நன்றி,” என்றார். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. அவர் ஆற்றிய உரைகளிலேயே அதுதான் சிறந்தது.

சைக்கிளைத் திருப்பி வாங்கி வருவதாகத் தம்பி துடித்தான். பெரியவள் தடுத்தாள். “வேண்டாம் தம்பி. அந்தப் பொண்ணும் குள்ளம்தானே? அவளுக்குச் சரியா இருக்கும்.”

*

தோள் வலி போனதும் சின்னவள் பெரியவளைக் கடைக்கு இழுத்துப் போனாள். தேய்ந்த ஹெல்மெட்டுக்குப் பதில் தனக்கு ஒன்று, கூடவே இன்னொன்று.

“தலையைக் கொடுங்க.”

“எனக்கு எதுக்குடி?”

“மதியம் சாப்பாட்டு வேளையில வந்து நூலகத்துல விடப் போறேன். அப்புறம் ஓட்டவும் கத்துக் கொடுக்கப் போறேன். தலையைக் கொடுங்கக்கா!”

ஆகச் சிறிய அளவு. பெரியவளின் கன்னம் இரண்டும் உப்பின.

“பேச முடியலடி!”

“பேச வேண்டாம், கேளுங்க. எத்தனை தடவை நன்றி சொன்னாலும் எனக்கு ஆறாது. அதனால தினமும் ஒரு தடவை சொல்லுவேன். சலிச்சுக்கக் கூடாது. எங்க... தலையை ஆட்டுங்க.”

இப்போது தலைவர் தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, ஹெல்மெட் கன்னத்தைப் பிடிக்க வேண்டிய அவசியத்தை விளக்குகிறார். தாமே கண்டுபிடித்தது போல. அவருடைய ஜாக்கெட் வண்டிக்கு உறையாகியிருக்கிறது. அதற்கு அது கச்சிதமாக இருக்கிறது. காய்கறிப் பையை அவரே தூக்கி வருகிறார். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

முதல் நாள் மதியம் பெரியவள் பின்னால் ஏறப் போகும்போது, தலைவர் வாசலுக்கு வந்து அந்தக் குட்டி ஹெல்மெட்டைப் பார்த்தார். பழக்க தோஷம்.

“நல்லா இருக்கே... நானும் ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?”

“உங்களுக்கு ஆகாதுங்க,” என்றாள் பெரியவள். “இது என்னோடது.”

வண்டி கேட்டைத் தாண்டியது. அவள் வீட்டைப் பார்த்துத் தலையைத் திருப்பினாள். ஹெல்மெட்டும் கூடவே திரும்பியது.