சின்னதுரையின் பூட்டு

சிவசங்கர் பூட்டைப் போட்டுச் சாவியை உருவியபோது சாவி ஈரமாக இருந்தது. அப்போதுதான் பேன்ட் பையிலிருந்து எடுத்த சாவி. பையோ மே மாத வெயிலில் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது, அவன் இன்னும் தண்ணீரில் கால்கூட நனைக்கவில்லை. விரலை மோந்து பார்த்தான். கரி ஊறிய குழித்தண்ணீரின் நாற்றம், துருவும் அழுகிய முட்டையும் கலந்தது போல. வேர்வையாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சாவியை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டினான்.

மைன்ஸ் வேலையில் அது கட்டாயம். இயந்திரத்தில் எவன் கை வைத்தாலும் முதலில் அதன் சுவிட்சில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட வேண்டும். சாவி அவன் கழுத்தில் இருக்கும். அவனே வந்து திறக்காமல், எப்பேர்ப்பட்ட அதிகாரி வந்தாலும் மோட்டாரை ஓட்டக் கூடாது. உள்ளே இறங்கியவன் உயிர் வெளியே தொங்கும் பூட்டில்தான் இருக்கிறது.

நெய்வேலி நகரியத்தைத் தாண்டி, கரியெடுத்து முடித்துத் தண்ணீர் ஏறிப்போன பழைய குழி அது. கரையில் ஒரு பெரிய பம்பு, சிவசங்கர் இப்போது சுவிட்சைப் பூட்டிய பம்பு. அதன் உறிஞ்சுகுழாய், ஓர் ஆள் தாராளமாக நுழையும் அகலத்தில், குழியின் அடிமட்டம் வரை போனது. குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே, போன மழையில் மூழ்கிய மிதவை கிடந்தது. மோட்டாரும் சுவிட்ச் பெட்டியும் ஏற்றிய இரும்புப் படகு. மறுநாள் கிரேன் வைத்து அதைத் தூக்கப்போகிறார்கள். சங்கிலி மாட்ட இடம் பார்த்து வருகிறேன் என்று சொல்லி, காண்ட்ராக்ட் சூப்பர்வைசரான சிவசங்கர் தானே இறங்கக் கிளம்பியிருந்தான்.

சங்கிலியாவது மண்ணாங்கட்டியாவது! அந்தச் சுவிட்ச் பெட்டிக்குள் சின்னதுரையின் பூட்டு அறுபட்டுக் கிடந்தது. கிரேன் தூக்கினால் அதுவும் மேலே வரும். வந்தால் இவன் கையில் விலங்குதான்.

சின்னதுரை அன்று தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் மிதவைக்கு அடியில் மூழ்கினான், அதன் குழாயில் அடைத்த குப்பையை எடுக்க. மழை கொட்டியது. தண்ணீர் ஏறியது. முதலாளி போனில் கத்தினார். ஒரு பத்து நிமிஷம் பொறுத்தால் அவன் வந்திருப்பான், இந்தச் சண்டாளன் பொறுக்கவில்லை. கட்டரால் பூட்டை அறுத்துப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு சுவிட்சைத் தட்டினான். சின்னதுரை மேலே வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அன்று ராத்திரியே மிதவையும் சாய்ந்து மூழ்கியது. "குடிச்சிருந்தான், பூட்டே போடல" என்று விசாரணையில் வாய் கூசாமல் சொன்னான் சிவசங்கர்.

காற்று சிலிண்டரை முதுகில் கட்டும்போது, சின்னதுரையின் மனைவி செந்தாமரை எதிரே வந்து நின்றாள். மிதவையைத் தூக்குகிற சேதி தெரிந்து வளையமாதேவியிலிருந்து வந்திருந்தாள்.

"அவரு பூட்டு போடலன்னு சொன்னீங்களே. எங் கண்ணப் பாத்து இன்னொரு தபா சொல்லுங்க."

"போடலம்மா. சும்மா வந்து தொந்தரவு பண்ணாத, போ."

அவள் அழவில்லை. குனிந்து, கரையிலிருந்த கரிமண்ணை ரெண்டு கையாலும் வாரி அவன் முகத்துக்கு நேரே தூற்றினாள். "நீ நாசமாப் பூடுவடா."

சிவசங்கரின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்த உதவியாள் முகமது யூசுப் தலையைத் திருப்பிக்கொண்டான். கயிற்றோடு போன் ஒயரும் பின்னியிருந்தது. மாஸ்க்குக்குள் பேசினால் மேலே யூசுப்புக்குக் கேட்கும்.

இடுப்பு வரை வெந்நீர் மாதிரி இருந்த தண்ணீர், இறங்க இறங்கக் குளிர்ந்து, பல்லைக் கிட்டிக்க வைத்தது. டார்ச் வெளிச்சம் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் போகவில்லை, அதற்கப்பால் டிகாஷன் போலக் கறுப்பு. தன் மூச்சு போய் வரும் சத்தமும், குமிழிகள் காதை உரசி ஏறும் சத்தமும், அவற்றுக்கு நடுவில், தான் மூச்சை நிறுத்தும்போது மட்டும் கேட்கிற இன்னொரு மெல்லிய உரசலும் அவனுக்குக் கேட்டன. இரும்பில் இரும்பு தேய்வது மாதிரி. யாரோ நட்டு கழற்றுவது மாதிரி. அவன் நின்றான், அதுவும் நின்றது. மீனாக இருக்கும் என்று நினைத்தான். இந்தத் தண்ணீரில் மீன் உயிரோடு இருக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

மிதவை ஒருக்களித்துக் கிடந்தது. சேறு படிந்த கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே போய்ச் சுவிட்ச் பெட்டியைக் கண்டுபிடித்தான். கதவு துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று நெம்புகோல் கொண்டுவந்திருந்தான். தொட்டதும் திறந்துகொண்டது.

பூட்டு இருந்தது. அறுபட்டு அல்ல. சுவிட்சில் பூட்டியபடி தொங்கியது. துருவே இல்லை. வெள்ளை பெயின்டில் சின்னதுரை என்ற பெயர், நேற்று எழுதியது போல.

அவன் இழுத்தான். அசையவில்லை. நெம்பினான். நெம்புகோல் கையிலிருந்து நழுவிக் கறுப்புக்குள் போனது.

"யூசுப், மேல இழு."

கயிறு அசையவில்லை.

"யோவ் யூசுப்! இழுய்யா!"

"யாரு பேசறது?" போனில் யூசுப்பின் குரல்.

"நான்தான்யா, சங்கர்."

"வெளாடாதீங்க. சங்கர் சாரு மேல ஏறி வந்துட்டாரு. கயிறு இல்லாம, அந்தாண்ட ஏணி வழியா. பேசவே இல்ல. இதோ, சுவிட்ச் போர்டாண்ட நின்னு பூட்டத் தொறந்துகினு இருக்காரு."

சிவசங்கரின் கை கழுத்துக்குப் போனது. நூல் இருந்தது. சாவி இல்லை.

"அது நான் இல்ல! ஓடுய்யா, அவனப் புடி!"

"அல்லா... சார், மாஸ்க்குக்குள்ள மொகமே தெரியல. கரித்தண்ணி நெறஞ்சி நிக்குது. அந்தப் பொண்ணு செந்தாமரை அவரு கையப் புடிச்சிக்கினு, வந்துட்டியா வந்துட்டியான்னு அழுவுது சார்..."

பிறகு போனில் இரைச்சல் மட்டும்.

பிறகு, தூரத்தில், மேலே, ஓர் உறுமல். அவனுக்குப் பழகிய உறுமல். கரையிலிருந்த பெரிய பம்பு.

சேறு நகர ஆரம்பித்தது. அவனைத் தாண்டி, ஒரே பக்கமாக. அவன் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றினான். டார்ச் வெளிச்சத்தில் குழாயின் வாய் தெரிந்தது. வாயை மூடியிருக்க வேண்டிய இரும்புச் சல்லடை இல்லை. கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் போல்ட்டுகள், ஒன்றுகூடச் சிதறாமல், வரிசையாக.

"யூசுப்!"

கம்பி வழுக்கியது. ஒரு கை விட்டது. மேலே இழுக்க வேண்டிய கயிறு தளர்ந்து, வளைந்து, அவன் கண் முன்னாலேயே முதலில் குழாய்க்குள் போனது. இடுப்பில் முடிச்சு இறுகியது.

உள்ளே யாரோ கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்கள், அவசரமே இல்லாமல், கை மாற்றி கை மாற்றி.