முதலை மடித்து வைத்த கோட்டு

ட்ரிங்ங்ங்...!

1926. மலாயா, ஈப்போ கோர்ட்டில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. போனை எடுத்தார் மொழிபெயர்ப்பாளர் சதாசிவம்.

"சுங்காய் எஸ்டேட்டு கிராணி பேசுறேங்க. இன்னிக்கு கேஸ் இருக்கே, நம்ம அர்ச்சுனன் கங்காணி... போய்ட்டாருங்க!"

"எங்க?"

"செத்துப் போய்ட்டாருங்க! ஆத்துல குளிக்கப் போனாரு, முதலை அடிச்சிருச்சி. உடம்பே கெடைக்கல. கரையில கோட்டு, தலப்பா, குடை மட்டும் இருக்கு. அழகா மடிச்சி வச்சிருக்கு!"

"யாரு, முதலையா?"

டக்! எஸ்டேட் கணக்கு எழுதும் அந்தக் கிராணி போனை வைத்துவிட்டார்.

சதாசிவம் வராந்தாவை எட்டிப் பார்த்தார். பெஞ்சில் கங்காணியின் மனைவி நல்லம்மாள். மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பிள்ளை. மங்களம் என்பவளைச் சேர்த்துக்கொண்டு, கங்காணி இவர்களை விரட்டிப் பதினோரு மாதம் ஆகிறது. பிள்ளைகளுக்கு மாதப் பணம் கேட்டு இந்த வழக்கு.

போன வாரமே மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார். தகப்பன் வருமானத்தில் நாலில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு.

வருமானம் எவ்வளவு? அங்கேதான் சிக்கல்!

சம்பளம் மாதம் நாற்பது வெள்ளி; வெள்ளிக்கு நூறு காசு. அதற்கு மேல் தலைக்காசு. தான் கூட்டி வந்து மேய்க்கும் கூலியாட்களில் வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு நாளுக்கு இரண்டு காசு. மாதம் இருபத்தாறு நாள் வேலை.

"எனக்கு நாப்பது தலைதான் தொரை!" என்று அன்று கோர்ட்டில் கண்ணைக் கசக்கினார் கங்காணி. கழுத்தில் தங்கச் சங்கிலி, கோட்டில் தங்கக் கடிகாரம்... பாவம், பரம ஏழை!

"பொய்யிங்க! நூத்தி எம்பது!" என்றாள் நல்லம்மாள்.

நாற்பது என்றால் பிள்ளைகளுக்கு மாதம் பதினைந்து வெள்ளி இருபது காசு. நூற்றெண்பது என்றால் முப்பத்து மூன்று வெள்ளி நாற்பது காசு. அரைவயிற்றுக்கும் முழுவயிற்றுக்கும் உள்ள வித்தியாசம்.

"திங்கட்கிழமை எஸ்டேட் வருகைப் பதிவை, அந்தச் செக்ரோலைக் கொண்டு வா. ஆட்களின் பெயரை எண்ணிப் பார்ப்போம்!" என்றார் மாஜிஸ்திரேட்.

திங்கட்கிழமை முதலை வந்துவிட்டது. கோர்ட்டு வாய்தா தெரிந்த முதலை!

செய்தியைக் கேட்டு நல்லம்மாள் அழவில்லை.

"அண்ணே, கரையில தங்கக் கடியாரம் இருந்திச்சா?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"தண்ணி படக்கூடாதுன்னு கழட்டி வச்சிட்டுத்தான் குளிப்பாரு. கோட்டை விட்டுட்டுப் போவாரு, என்னைய விட்டுட்டுப் போவாரு. கடியாரத்த விடமாட்டாரு!"

பெரிய பிள்ளை அவள் சேலையை இழுத்தது. "அப்பா செத்துட்டாராம்மா?"

"இன்னும் இல்ல."

சதாசிவம் அவள் பக்கம் குனிந்தார். "செத்தவன்கிட்ட கோர்ட்டு பணம் வாங்காது தங்கச்சி. கேஸை மூடிருவாங்க. ஒரு மாசம் கழிச்சி, முதலை துப்பிருச்சின்னு வந்து நிப்பாரு."

"நாளைக்கே நிப்பாரு. நான் சொல்றத மட்டும், காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல நின்னு சொல்லுங்க."

மறுநாள் விடிகாலை. சுங்காய் எஸ்டேட் பெரட்டுக்களம். பெயர் கூப்பிடுவதற்காக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சதாசிவத்தின் பின்னால் பிள்ளைகளோடு நல்லம்மாள். எஸ்டேட் மேனேஜர் துரை சீமையிலிருந்து வந்து மூன்று மாதம். தெரிந்த தமிழ் "வா", "போ" இரண்டுதான்.

அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கே கேட்கும்படி கத்தினார் சதாசிவம்.

"அர்ச்சுனன் கங்காணி காலமாயிட்டாரு! அவரோட நாப்பது தலையும் இன்னியிலேர்ந்து ராமையா கங்காணிக்கு!"

பத்து வருடப் பகையாளி ராமையா மீசையைத் தடவினார்.

படார்!

மங்களத்தின் வீட்டுக் கதவு திறந்தது.

"எவன்டா அவன்? நாப்பதா? நூத்தி எம்பதுடா! அத்தனையும் நான் ஊர்லேர்ந்து கப்பலேத்திக் கொண்டாந்த தலை!"

இடுப்பில் கைலி. கையில் தங்கக் கடிகாரம். அர்ச்சுனன் கங்காணி!

"ஐயோ... பேயி!" பெண்கள் அலறினார்கள்.

"பயப்படாதீங்க. பேய் தலைக்காசு கேக்காது" என்ற சதாசிவம், அர்ச்சுனனின் ஆட்கள் நின்ற வரிசையை ஒருமுறை எண்ணினார்.

"கங்காணி, நிக்கிறது நூத்தி அம்பதுதானே. மிச்சம் முப்பது பேரு?"

கங்காணி கைலியை இறுக்கிக் கட்டினார். "அவங்க... போன வருசக் காய்ச்சல்ல..."

செத்த முப்பது பேர் ஒரு நாள்கூட லீவு போடாமல் செக்ரோலில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்! கிராணி அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

"வாட்?" என்றார் துரை.

சதாசிவம் குரலைத் தாழ்த்தினார். "நூத்தி அம்பதுன்னா, செத்தவன் பேருல காசு தின்னதுக்கு தைப்பிங் ஜெயிலு. நூத்தி எம்பதுன்னா, பிள்ளைங்களுக்கு முப்பத்து மூணு வெள்ளி நாப்பது காசு. சம்பளத்துலயே பிடிச்சிருவாங்க. தொரைக்கு எத மொழிபெயர்க்கட்டும்?"

"நூ... நூத்தி எம்பது!"

சதாசிவம் சுத்தமான இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். பிள்ளைகளின் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கும் தாளில் துரை கையெழுத்துப் போட்டார்.

"இதுக்கு முதலையே தேவலாம்..." முனகினார் கங்காணி.

நல்லம்மாள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"முதலை ஒரு தடவதான் கடிக்கும். நான் ஒண்ணாந்தேதிக்கு ஒண்ணாந்தேதி வருவேன்லா!"