நாலு இடத்திலிருந்து வந்த தகவல்

மணல்துறைக் காவல் நிலையத்து உதவி ஆய்வாளர் செண்பகவடிவு கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதுவும் விசாரணை இல்லை. ஜீப்பில் போகும்போது, படகு எஞ்சின் பழுதுபார்க்கும் சூசை, தன் பட்டறை வாசலில் டீசல் பீப்பாய்களை இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். "இவருக்கு எதுக்கு இவ்வளவு டீசல்?" என்றாள். பக்கத்திலிருந்த ஏட்டு பலவேசம் கொட்டாவி விட்டார். அத்தோடு அவள் மறந்துபோனாள்.

அவள் கழுத்துப்பட்டையில் இருந்த சட்டைச்செவி என்ற சின்னக் கருவி மறக்கவில்லை. பணியில் இருக்கும் போலீஸ்காரர்கள் பேசுவதையெல்லாம் கேட்டு, உபயோகப்படும் என்று தோன்றுவதைத் துறையின் பெரிய கணினியான கூட்டறிவகத்துக்கு அனுப்புவது அதன் வேலை. கூட்டறிவகம் அதைப் பக்கத்து மாவட்டங்களுக்கும் கடலோரக் காவலுக்கும் பகிரும். ஒரு நிலையத்துக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியாமல் குற்றவாளி நழுவிய காலம் ஒழிந்தது என்று துறையே நிம்மதியாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவள் மேசைத் திரையில் உத்தரவு வந்தது.

"சூசை. எரிபொருள் கடத்தல். தனித்தனியாக நான்கு இடங்களிலிருந்து தகவல். நம்பகம் மிக உயர்வு. சோதனையிட்டுக் கைது செய்க."

நான்கு இடமா? பதறிப்போய் ஒவ்வொன்றாகத் திறந்தாள். சூசை அளவுக்கு மீறி டீசல் வாங்குவதாகப் பேச்சு என்றது ஒன்று. அந்த டீசல் எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றது இன்னொன்று. மற்ற மாவட்டங்களும் அவரைச் சந்தேகிக்கின்றன என்றது மூன்றாவது. நான்காவது அவள் சொன்ன வார்த்தைகளேதான். கேள்விக்குறியை மட்டும் காணவில்லை.

பக்கத்து மாவட்டத்துக்குப் போன் போட்டாள். "சூசை விஷயம் உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"கடலோரக் காவல்லருந்து வந்துச்சு மேடம்."

கடலோரக் காவலைக் கேட்டாள். "உங்க மாவட்டத்துலருந்துதான் மேடம். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

டிஎஸ்பி நஜீரின் அறைக்கு ஓடினாள்.

"சார், அந்த நாலும் நாலு இல்ல. நான் ஒருத்திதான்."

"திரையில நாலுன்னு இருக்கேம்மா."

"நான் சும்மா வாய்விட்டுக் கேட்டது சார், சுத்திச் சுத்தி வந்திருக்கு. அத வாபஸ் வாங்கிக்கிறேன்."

டிஎஸ்பியின் கை அவரை அறியாமலே தன் கழுத்துப்பட்டைக்குப் போனது. "தயவுசெஞ்சு இத இங்க வச்சுப் பேசாதம்மா," என்று கிசுகிசுத்தார்.

மறுநாள் காலை வெளி மாவட்டத்துப் படை ஒன்று வந்து பட்டறையைப் புரட்டிப் போட்டது. கடத்தலுக்கான எதுவும் கிடைக்கவில்லை. பீப்பாய்கள்கூடக் காலியாகத்தான் கிடந்தன.

இத்தோடு முடிந்தது என்று செண்பகவடிவு மூச்சு விட்டாள். ஆனால் எதுவும் கிடைக்காததையும் கூட்டறிவகம் ஒரு தகவலாகவே எடுத்துக்கொண்டது. யாரோ முன்கூட்டியே சூசையை எச்சரித்திருக்க வேண்டும். போலீஸுக்கு என்னென்ன தெரியும் என்று ஊர் ஊராகப் போன் போட்டு விசாரித்தது யார்? தகவலை வாபஸ் வாங்கத் துடித்தது யார்?

பலவேசம் வந்து அவள் முன்னால் நின்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

"மேடம், என்னத் தப்பா நினைக்காதீங்க. உத்தரவு வந்திருக்கு. சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு, வேற உடுத்திட்டு வாங்க. வேன்ல ஏறணும்."

வேனில் சூசை ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். சாதாரணச் சேலையில் ஏறியவளை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"நீங்க என்ன மேடம் பண்ணீங்க?"

"உங்களப் பத்தி ஒரு கேள்வி கேட்டேன். எதுக்கு இவ்வளவு டீசல்னு."

சூசை திகைத்தார். "இவ்வளவுதானா? என்கிட்டயே கேட்டிருக்கலாமே!"

"இப்பக் கேக்குறேன். சொல்லுங்க, எதுக்கு?" ஒரு பதில் கிடைத்தால் போதும், இருவரும் இறங்கிவிடலாம் என்று தோன்றியது.

சூசை வாயைத் திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பலவேசத்தின் கழுத்துப்பட்டையில் சட்டைச்செவியின் பச்சைப் புள்ளி மினுங்கியது. சூசை அதையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.